0.4 என்று அச்சடித்த மூட்டை

ஒரு தாளில் 0.4 என்று அச்சடித்திருந்ததை அப்படியே நம்பினேன். அதற்குக் கூலியாக மூன்று தடவை சென்னை ஆய்வகத்துக்கு அலைந்தேன், ஆடி மாதம் முழுக்கத் தூக்கம் போனது. லேசான ஸ்லரிக்கு (கிணற்றில் இறக்கும் சிமென்ட் கரைசல்) உள்ளீடற்ற மணி, அதாவது எடை குறைக்கச் சேர்க்கும் உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டை, தேடும் யாராவது இதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கிணறு யாருடையது, மணி விற்றவர் யார் என்பதெல்லாம் வேண்டாம். நான் கிணற்றுக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் இறக்கும் சிமென்டிங் ஒப்பந்தக் குழுவில் இருப்பவன், ஊர் ராமநாதபுரம் பக்கம். அது போதும்.

வேலை இதுதான். கடலோரத்தில் ஒரு எரிவாயுக் கிணறு, சுமார் 2000 மீட்டர் கேசிங் (கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாய்). நடுவில் பலவீனமான ஒரு அடுக்கு. துளையிடும்போதே, துளைக்குள் சுற்றவிடும் சேற்றுக் கரைசலை இரண்டு தடவை குடித்துவிட்டது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கான ஜி வகுப்பு சிமென்ட்டை வழக்கம் போல 44 சதவீதம் தண்ணீரில் கலந்தால் அடர்த்தி 1.90 வரும் (தண்ணீருக்கு 1). அந்தப் பாரத்தை அந்த அடுக்கு தாங்காது. எங்களுக்கு 1.30 வேண்டும். பென்டோனைட் களிமண் போட்டு அங்கே போக முடியாது; 1 சதவீதம் பென்டோனைட்டுக்கு 5.3 சதவீதம் கூடுதல் தண்ணீர் கேட்கும், 1.30 வரும்போது கிடைப்பது சிமென்ட் கரைத்த தண்ணீர்தான். நைட்ரஜன் நுரைக்கு ஒரே ஒரு கிணற்றுக்காகத் தனி யூனிட் இவ்வளவு தூரம் வராது. ஆக, உள்ளீடற்ற மணி. இது வரைக்கும் ஒரே நாளில் முடிவானது.

பிறகுதான் மேலாளர் சொன்னார்: “சாம்பல் மணிதானப்பா? தூத்துக்குடி அனல்மின் நிலையத்துல மலையாக் கெடக்கு.” கிடப்பது சாம்பல். செனோஸ்பியர் என்பது அந்தச் சாம்பலைத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கிற மிகச் சிறிய பங்கு. அதை அள்ளி, உலர்த்தி, சலித்து விற்பவரிடம்தான் வாங்க வேண்டும். வெளியூர் வியாபாரி ஒருவர் கிடைத்தார். விலை மலிவு. விவரத்தாளில் அடர்த்தி 0.4. மேலாளர் முகத்தில் சிரிப்பு.

நானும் கணக்குப் போட்டேன். 100 கிலோ சிமென்ட், 60 லிட்டர் தண்ணீர், 18 கிலோ மணி. 1.30 கச்சிதமாக வந்தது. தாளில்.

முதல் சென்னைப் பயணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ரயிலில் இடம் இல்லை, பேருந்து. சீட்டுக்கு அடியில் 10 கிலோ மூட்டை. தையல் விட்டுக் கொஞ்சம் சாம்பல் நிறப் பொடி கொட்டியிருந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் சாம்பலை ராமேஸ்வரத்துக்குக் கொண்டு வருவாங்க, நீங்க இங்கேருந்து கொண்டு போறீங்களே தம்பி” என்றார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

காலையில் ஆய்வக வாசலில் வாங்கி வைக்கும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “சிமென்ட் எங்க சார்? தண்ணி எங்க?” மணியைச் சோதிக்கத்தானே வந்தேன், சிமென்ட் அவர்களிடமே இருக்குமே என்றேன். இருக்கும், ஆனால் நீங்கள் பம்ப் செய்யப் போகிற லாட் (அதே தயாரிப்புத் தொகுதி) இல்லையே என்றார். தண்ணீர்? இங்கே குழாயில் வருவது போதாதா? அவர் பதில் சொல்லவில்லை, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவே திரும்பும் பேருந்து. அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சிமென்ட், மணி, மற்ற ரசாயனங்கள், ரிக்கில் (துளையிடும் தளத்தில்) கலக்கப் போகிற அதே தண்ணீர் எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும்.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்தில் விளையாட்டு இல்லை. ரிக்கில் குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர், கலக்க டேங்கர் தண்ணீர். டேங்கர் எந்தக் கிணற்றில் நிரப்பினாரோ அதைப் பொறுத்து உப்பு மாறும். ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டால், “எது கிட்டக்க இருக்கோ அதுதான் தம்பி” என்பார். அந்த அளவு குளோரைடு சிமென்ட்டைச் சீக்கிரம் இறுக வைக்கும். பிறகு சோதித்தபோது, நல்ல தண்ணீரில் கிடைத்த பம்ப் நேரத்தில் (ஸ்லரி இறுகாமல் ஓடும் நேரம்) எங்கள் டேங்கர் தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றிருந்தது. வாசலில் அந்த அம்மா திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் இது ரிக்கில்தான் தெரிந்திருக்கும். இரண்டாம் தடவை ஒரே ஊற்றில் நிரப்பச் சொல்லி, அந்த டேங்கரிலிருந்தே இரண்டு கேன் பிடித்து, மூடியில் தேதி எழுதிக் கொண்டு போனேன்.

இரண்டாம் தடவை எல்லாம் இருந்தது. கலந்தார்கள். அழுத்தத் தராசில் எடை பார்த்தார்கள். 1.54.

தராசு கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னேன். வேறு தராசு கொண்டு வந்தார்கள், அதிலும் 1.54. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் என் விவரத்தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடர்த்தி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைக் காட்டினார். மொத்த அடர்த்தி. அதாவது மூட்டையில் கொட்டிவைத்த பொடியின் அடர்த்தி, மணிகளுக்கு இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்து. ஸ்லரியில் அந்த இடைவெளியைச் சிமென்ட்டும் தண்ணீரும் நிரப்பிவிடும். கணக்குக்கு வேண்டியது மணியின் மெய் அடர்த்தி. இந்தச் சரக்குக்கு அது 0.75. அதைப் போட்டுக் கணக்கிட்டால் 18 கிலோவுக்கு 1.54 தான் வரும். 1.30 வேண்டுமென்றால் 55 கிலோ போட வேண்டும். போட்டும் பார்த்தோம். புட்டு மாவுப் பதத்தில் நின்றது. தண்ணீர் கூட்டினால் ஓடும், வலு போய்விடும்.

வியாபாரிக்குப் போன் போட்டேன். “சார், தாள்ல தப்பா ஒண்ணும் போடலையே” என்றார். போடவில்லைதான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அன்றைக்குப் பெரியவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்று: செனோஸ்பியர் மூட்டை வந்தால் முதலில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடு, அரை மணி விடு. அடியில் தங்குவது ஓட்டையானதும் உடைந்ததும். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். எங்கள் மூட்டையில் டம்ளரின் அடி நன்றாகவே கறுத்திருந்தது. செலவு ஒரு டம்ளர் தண்ணீர். முதல் நாளே இதைச் செய்திருந்தால், சரி, விடுங்கள்.

மிதப்பவற்றின் கதையும் பெரிதாக இல்லை. ஸ்லரியை அழுத்தக் கலத்தில் வைத்துக் கிணற்று அழுத்தம் கொடுத்து எடுத்துத் திரும்ப எடை போட்டால் அடர்த்தி இன்னும் ஏறியிருந்தது. சில ஓடுகள் நொறுங்குகின்றன, சிலவற்றின் ஓட்டை வழியே தண்ணீர் புகுந்துவிடுகிறது. ஆழம் குறைந்த கிணறாக இருந்தால் செனோஸ்பியர் நல்ல சரக்குதான், நானே வேறு இடத்தில் சந்தோஷமாகப் பயன்படுத்துவேன். 2000 மீட்டரில் 1.30-க்கு வேண்டாம் என்பது என் முடிவு.

அப்புறம் கண்ணாடி மணி. இதில் ஓடு தடிமனாக ஆக, தாங்கும் அழுத்தமும் ஏறும், அடர்த்தியும் ஏறும்; இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் தேர்வே. எங்கள் முன்னால் இரண்டு ரகம்: 4000 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) தாங்குவது, மெய் அடர்த்தி 0.38. 6000 தாங்குவது, 0.46. கொள்முதல் பிரிவுக்கு முதலாவதுதான் பிடித்தது. 100 கிலோ சிமென்ட்டுக்கு 17 கிலோ போதும். இரண்டாவதில் 22 கிலோ. முதலாவதற்கு விலையும் குறைவு. “கிணத்துல 3700 பிஎஸ்ஐதானே சொன்னீங்க, 4000 தாங்குமே” என்று கேட்டார் அங்கே உட்கார்ந்திருந்தவர்.

3700 என்பது 1.30 ஸ்லரி 2000 மீட்டர் உயரத்துக்குச் சும்மா நின்றால் அடியில் இருக்கும் அழுத்தம். பம்ப் ஓடும்போது உராய்வு சேரும், கேசிங்குக்கு உள்ளே இறங்கும்போது பம்பின் அழுத்தமும் சேரும், கடைசியில் ஸ்லரிக்குப் பின்னால் அனுப்பும் அடைப்பான் (பிளக்) அடியில் மோதும்போது இன்னொரு தூக்கு தூக்கும். அதோடு, தாளில் இருக்கும் 4000 என்பது எல்லா மணியும் பிழைக்கும் அழுத்தம் இல்லை. பெரும்பங்கு பிழைத்தால் அந்த எண்ணை எழுதிவிடுவார்கள். 6000 ரகத்திலேயே 10 சதவீதம் உடைந்தால் 1.30 என்பது 1.34 ஆகிவிடும், உடைந்த கண்ணாடியின் அடர்த்தி 2.5 ஆயிற்றே. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியும் ஒரு வாரம் கோப்பு நகரவில்லை. கடைசியில் கோப்பை நகர்த்தியது என் கணக்கு இல்லை. பக்கத்துக் கிணற்றில் சேறு காணாமல் போன செய்தி.

மூன்றாம் தடவை சென்னை. கண்ணாடி மணி, 22 கிலோ கணக்கு, சரியான தண்ணீர், சரியான லாட். முடிவு 1.41. அழுகை வராத குறை.

இந்தத் தடவை கலக்கும்போது நான் பக்கத்தில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து எப்படிக் கலந்தாய் என்று ஆய்வகப் பையனிடம் கேட்டேன். நடைமுறைப்படி, முதல் 15 விநாடி நிமிடத்துக்கு 4000 சுற்று, அடுத்த 35 விநாடி 12000 சுற்று என்றான். சாதாரண ஸ்லரிக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) நடைமுறை அதுதான். கண்ணாடி மணியை அந்த பிளேடுக்குக் கீழே போட்டால் மிக்சியில் அப்பளம் போட்ட கதை. மணி இல்லாமல் மற்றதை வேகத்தில் கலந்து, கடைசியில் மணியைக் கொட்டிக் கரண்டியால் மெதுவாக மடித்துக் கலக்கச் சொன்னேன். 1.31. கிணற்று அழுத்தம் கொடுத்து எடுத்த பிறகு 1.33. கிணற்றுக் கணக்கில் 1.33-ஐத்தான் போட்டேன். பையன் மேல் தப்பில்லை, படிவத்தில் நான்தான் எழுதிக் கொடுக்கவில்லை. நீங்கள் எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்தில்.

மணி மேலே மிதந்து பிரிகிறதா என்றும் பார்த்தோம். குழாயில் இறுகவிட்டு, துண்டு போட்டு, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் எடை பார்த்தால் தெரிந்துவிடும். முதல் கலவையில் மேல் துண்டு லேசாக இருந்தது; பிடித்து நிறுத்தும் ரசாயனம் கொஞ்சம் கூட்டியதும் சரியானது. வலு, இறுகும் நேரம் எல்லாம் பிரச்சினையில்லாமல் வந்தன.

சரக்கு ராமநாதபுரம் யார்டுக்கு வந்தது. ஸ்டோர்காரர் இறக்கவிடவில்லை. மூட்டையில் ஒரு பேட்ச் எண், தாளில் வேறு எண். “தாள்ல இல்லாத மூட்டைய நான் எப்படித் தம்பி ஏத்துக்குவேன்?” இரண்டு நாள் லாரி வெளியிலேயே நின்றது. கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், மேலாளரைப் பேச வைத்தேன். அசையவில்லை. மூன்றாம் நாள் சரியான தாள் வந்தபோதுதான் தெரிந்தது, பாதி மூட்டைகள் வேறு பேட்ச். அந்தப் பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்பினோம். நான் நேரில் போகவில்லை, கூரியர். முடிவு நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்த மனுஷனிடம் நான் இன்னும் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை.

மாதிரி எடுத்த அன்று கச்சான் காற்று. அந்தப் பொடி கையில் தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடும், காற்றில் புகை மாதிரி போகும். மூட்டை வாயைத் திறந்ததும் பாதிப் பேர் கண்ணில். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் திறக்காதீர்கள், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். திறந்த மூட்டையை அன்றே கட்டுங்கள். கடல் ஈரம் ஏறினால் கட்டி தட்டும்.

வேலை நாளில் ஒரே ஒரு சண்டை. கலக்கும் யூனிட்டில் இருந்த அண்ணன் மீட்டரைக் காட்டி, “1.28 காட்டுது, கிட்டத்தட்ட சரிதானே, அப்புறம் என்ன?” என்றார். சாதாரண ஸ்லரியில் 100 கிலோ சிமென்ட்டுக்கு 10 லிட்டர் தண்ணீர் கூடினால் 1.90 என்பது 1.80-க்கு விழும், உடனே கண்ணில் படும். 1.30 ஸ்லரியின் அடர்த்தி தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அதே 10 லிட்டர் கூடினாலும் மீட்டரில் 0.02 தான் நகரும். ஸ்லரி நீர்த்திருக்கும், மீட்டர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் முந்தின இரவே தண்ணீர்த் தொட்டியில் நாடா ஒட்டி, எத்தனை மூட்டைக்கு எந்தக் கோடு என்று குறித்து வைத்திருந்தேன். பார்த்தால் கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். வால்வு முழுக்கச் சாத்தாமல் கசிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் போய்ச் சாத்தினார். அதற்குப் பிறகு அவரும் நாடாவைத்தான் பார்த்தார்.

சேறு முழுவதும் திரும்பி வந்தது. பிளக் மோதியது. கடைசியில் மேலே வந்த ஸ்லரியைக் கோப்பையில் பிடித்து எடை பார்த்தேன், 1.32. விடியும் நேரத்துக்குச் சாலையோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டது நினைவிருக்கிறது, வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில்லை.

மதியம் போன் அடித்தது. ஸ்டோர்காரர். மீதி நாலு மூட்டை யார்டுக்குத் திரும்பி வந்திருக்கிறதாம், திரும்பி வந்ததற்குத் தாள் இல்லையாம்.