கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்கள்

2020இல் பள்ளிகளை மூடியதும், நான் வேலை பார்த்த தனியார் பள்ளி முதலில் பாதிச் சம்பளம் என்றது. பிறகு "சொல்லி அனுப்புகிறோம்" என்றது. சொல்லி அனுப்பவே இல்லை. அடுத்த மே மாதம், இரண்டாம் அலையில் என் கணவர் போய்விட்டார். 2019 ஆசிரியர் தகுதித் தேர்வில் மூன்று மதிப்பெண்ணில் கோட்டைவிட்டிருந்தேன். அந்தப் புத்தகங்களை எடைக்குப் போடக் கட்டியும் வைத்துவிட்டேன்.

மாலையில் குடியிருப்புப் பகுதியிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. அப்போது மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஆள் அரவம் இருக்கும். அவர் கடையிலிருந்து டீ குடிக்க வரும் நேரம் அது.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன், "பின்னத்தை வகுக்கும்போது ஏன் மிஸ் தலைகீழாகத் திருப்புகிறோம்?" என்றான். பதினொரு ஆண்டுகள் திருப்பச் சொல்லியே பழகிய எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அரைச் சப்பாத்தியை அவன் முன் வைத்து, இதில் எத்தனை கால் சப்பாத்தி என்றேன். பிய்த்துப் பார்த்து "இரண்டு" என்றான். முழுச் சப்பாத்தியில் நான்கு கால் இருப்பதால்தானே, காலால் வகுப்பது நான்கால் பெருக்குவதாகிறது! இரண்டு துண்டையும் அவன் தின்று முடிப்பதற்குள் எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு புத்தகக் கட்டை அவிழ்த்தேன்.

தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்துவோருக்கான இரண்டாம் தாளை எழுதுவோருக்கு நான் சொல்வது இதுதான்: ஆறு முதல் எட்டு வரையுள்ள பாடநூல்களை யாருக்காவது நடத்திக்கொண்டே படியுங்கள். கைடுகள் பிறகு. குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண். குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நிலைகளை முன்பு மனப்பாடம் செய்து மறந்தவள் நான். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் எதிரில், அகலக் கிண்ணத்துத் தண்ணீரை ஒல்லியான டம்ளரில் ஊற்றினேன். "இப்போது நிறைய ஆகிவிட்டது" என்றாள். உயரத்தை மட்டும் பார்த்து அளவு கூடிவிட்டதாக நினைக்கும் அந்த வயதைத்தான் பியாஜே சொல்கிறார். அதற்குப் பிறகு மறக்கவில்லை. குறிப்புகளை எல்லாம் அவர் கடைக் கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களில்தான் எழுதினேன். முதல் வாரம் அவர் கையெழுத்தைத் தாண்டிப் பக்கம் புரட்டவே முடியவில்லை என்பது வேறு கதை.

மூன்று மணி நேரம், 150 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் விடாதீர்கள். 2023 பிப்ரவரியில் எங்களுக்குக் கணினியில் தேர்வு. தாளில் மட்டுமே பழகியிருந்ததால் முதல் அரைமணி நேரம் தடுமாறினேன். அப்படியும் 96 மதிப்பெண் எடுத்துத் தேர்ச்சி பெற்றேன்.

தேர்ச்சி பெற்றால் வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. தகுதிச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது ஓர் ஆறுதல். போட்டித் தேர்வுக்குப் பட்டப்படிப்புப் பாடங்களைப் புரட்டத் தொடங்கியிருக்கிறேன். நோட்டுதான் புதிதாக வாங்க வேண்டும், அவருடையது தீர்ந்துவிட்டது.