ஒரு குழந்தைக்காக ஒரு பாட்டில்

பெரியம்மா இன்னும் கேட்டுட்டேதான் இருக்காங்க, "ஏங்கண்ணு, நம்மூர்ல ஊசி போடாத புள்ளைங்களே இல்லையா, அதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா"ன்னு. சேலம் கன்னங்குறிச்சி வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்க முன்னாடியும் இதே கேள்விதான். நானும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு சொல்லி எந்திரிச்சுப் போயிடுவேன், இன்னைக்கு முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

2023ல ஆறு மாசம் ஆப்பிரிக்காவுல மலாவிங்கிற நாட்டுல இருந்தேன். குழந்தைங்க தடுப்பூசிக்கு உதவுற வாலண்டியர் வேலை, தங்க இடமும் சாப்பாடும் மட்டும் குடுத்தாங்க. நாட்டோட தெற்குல த்யோலோன்னு ஒரு மாவட்டம், எங்க பார்த்தாலும் டீ எஸ்டேட். முத நாள் காலைல கதவைத் திறந்தா பனி, மேடும் பள்ளமுமா பச்சை, கூடையை முதுகுல மாட்டிக்கிட்டு வரிசையா போற பொம்பளைங்க, எனக்கு ஏற்காட்டுல எங்க ஆயா வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரியே இருந்துச்சு, அழுகையே வந்துடுச்சு.

நான் போன நேரம் அந்த ஊருக்கு நல்ல நேரம் இல்ல. மார்ச்சுலதான் ஃப்ரெடி புயல் தெக்குப் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருந்துச்சு, அதுக்கு முந்தின வருசத்துல இருந்து காலரா. 2022 பிப்ரவரில அங்க ஒரு குழந்தைக்கு வைல்டு போலியோன்னு, அதாவது இயற்கையா பரவுற போலியோ வைரஸ்னு உறுதியாச்சு, ஆப்பிரிக்கப் பகுதில போலியோ ஒழிஞ்சதுன்னு 2020 ஆகஸ்ட்ல அறிவிச்சதுக்கு அப்புறம் வந்த கேஸ் அது, வைரஸ் பாகிஸ்தான்ல சுத்திட்டிருந்த வகை. நம்ம நாட்டுல கடைசி கேஸ் 2011 ஜனவரில ஹௌராவுல, 2014ல சர்டிபிகேட்டும் வாங்கிட்டோம், ஆனா வைரஸுக்கு பாஸ்போர்ட் வேண்டாம்ங்கிறதை அங்க போய்த்தான் மனசார உணர்ந்தேன்.

ட்ரெய்னிங்ல எங்களுக்குச் சொன்னது எல்லாம் பயத்தைப் போக்கணும், வதந்திக்குப் பதில் சொல்லணும், ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசணும்னுதான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு, ஏன்னா 2017ல இங்க தட்டம்மை ரூபெல்லா ஊசி கேம்ப் நடந்தப்போ வாட்ஸ்அப்ல வந்ததை நம்பி எங்க தெருவுலயே ரெண்டு வீட்ல அன்னைக்குப் புள்ளைங்களை ஸ்கூலுக்கே அனுப்பல. அதனால அங்கயும் பயந்து போன அம்மாக்களைத்தான் பார்ப்பேன்னு நெனச்சுட்டுப் போனேன்.

அங்க ஊசி போடுறவங்களை ஹெச்.எஸ்.ஏ.ன்னு சொல்வாங்க, நம்மூர் கிராம சுகாதார நர்ஸ் மாதிரி. கிளினிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து கை தட்டிப் பாடுவாங்க, கடெமெரான்னா தடுப்பூசி, சிக்குக்குன்னா நம்ம மணல்வாரி. ரெண்டாவது வாரம் ஒரு பொண்ணு வந்தா, இருவது வயசு இருக்கும், குழந்தையை சிட்டென்ஜே துணில முதுகோட இறுக்கிக் கட்டியிருந்தா. குழந்தையோட ஹெல்த் புக்கை சக்கரை வந்த பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு சுத்து சுத்தி மடிச்சு வெச்சிருந்தா, ஒரு பக்கம் கூட ஓரம் மடங்கல. ஒன்பது மாசம் முடிஞ்சு நாளாச்சு, தட்டம்மை ஊசிக்கு வந்திருக்கா. அந்த ஹெச்.எஸ்.ஏ. அண்ணன் புக்கைப் பார்த்துட்டு அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லிட்டார். அவ ஒண்ணும் பேசல. புக்கை மறுபடி அதே மாதிரி சுத்தினா, துணியை அவுத்துக் கட்டினா, கிளம்பிட்டா. மொழிபெயர்க்க வந்த அக்காவை ஓடிப் போய்க் கேக்கச் சொன்னேன், விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு மணி நேரம் நடந்திருக்கா, அன்னைக்கு டீ பறிக்கிற கூலி போச்சு, இது மூணாவது தடவை.

காரணம் இதுதான். தட்டம்மை மருந்து பவுடரா வரும், ஒரு பாட்டில்ல 10 டோஸ். தண்ணி மருந்து ஊத்திக் கலக்கிட்டா சில மணி நேரத்துல முடிச்சுடணும், நம்மூர்ல 4 மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிடணும். அன்னைக்கு அந்த ஊசிக்கு வந்தது மூணே குழந்தைங்க, ஏழு டோஸ் வீணாகுமேன்னு அவர் பாட்டிலைத் தொடல. அவரைக் கெட்டவர்னு சொல்லவே மாட்டேன், சைக்கிள்ல ஐஸ் பெட்டியைக் கட்டிக்கிட்டு சேத்துல வர்ற மனுசன், வீணான டோஸுக்கு அவர்தான் கணக்கு எழுதணும். திரும்பிப் போன அம்மாவுக்குக் கணக்கு எழுதுற பக்கம் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல.

உலக சுகாதார நிறுவனமும் சரி, நம்ம நாட்டு விதியும் சரி, ஒரே ஒரு குழந்தை வந்தாலும் பாட்டிலைத் திறந்து போடுங்கன்னுதான் சொல்லுது. தட்டம்மை அவ்ளோ வேகமா பரவும், ஒருத்தருக்கு வந்தா தடுப்பு இல்லாத 12ல இருந்து 18 பேர் வரைக்கும் ஒட்டிக்கும், அப்போ வீணாப் போன ஏழு டோஸ் பெருசா, ஊசி இல்லாம வீட்டுக்குத் திரும்பின மூணு குழந்தை பெருசா?

அதுக்கப்புறம் என் வேலையே மாறிடுச்சு. அம்மாக்கள்கிட்ட பேசுறதைக் குறைச்சேன், மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட பேச ஆரம்பிச்சேன். ஒவ்வொரு கிளினிக்லயும் திரும்பிப் போறவங்களை நோட்டுல கோடு போட்டு வெச்சேன், ஒரே மாசத்துல ரெண்டு பக்கம் ரொம்பிடுச்சு. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு சுகாதார நிலையத்துக்கு, மாவட்ட ஆபீஸுக்கு, ஊர்த் தலைவர் கூட்டத்துக்குன்னு அலைஞ்சோம். ரெண்டு கிராமத்துக்குச் சேர்த்து ஒரே நாள்ல கிளினிக், தலைவரோட ஆள் முந்தின சாயங்காலமே வீடு வீடா போய்ச் சொல்றது, நாள் தாண்டின குழந்தை வந்தா எண்ணிக்கை பார்க்காம பாட்டிலைத் திறக்கிறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ஊசி நாள்ல அரை நாள் கூலி பிடிக்காதீங்கன்னு எஸ்டேட்டுகள்லயும் கேட்டோம், ஒண்ணுல சரின்னாங்க, இன்னொண்ணுல கடைசி வரைக்கும் அசையவே இல்ல, அது எனக்கு இன்னும் வலிக்குது.

அந்தப் பொண்ணு நாலாவது தடவை வந்தா. ஊசி போட்டதும் புக்கை என்கிட்டயும் காட்டினா.

பெரியம்மாவுக்கு ஒண்ணு மறந்து போச்சு. அக்கா குழந்தைக்கு பி.சி.ஜி.ங்கிற காசநோய் தடுப்பூசி போட சேலத்துலயே ஒரு ஆஸ்பத்திரிக்கு மூணு வாட்டி பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டு வெயில்ல அலைஞ்சாங்களே, "இன்னைக்கு கொழந்தைங்க கம்மி, அடுத்த வாரம் வாங்க"ன்னு சொன்னாங்களே. அதுவும் 10 டோஸ் பாட்டில்தான். அப்போ எங்களுக்கு யார்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியல, தலையெழுத்துன்னு வந்துட்டோம்.

இப்போ முடியறப்போ எல்லாம் ஊசி போடுற புதன்கிழமைல ஏற்காடு பஸ் ஏறிடுறேன். 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் நடை. காபி பழம் பறிக்கிற சீசன்ல மலைக்கிராமத்துல பகல்ல ஆளே இருக்காது, பறிக்கப் போனாத்தான் கூலி. போன வாரம் பால்வாடில தட்டம்மை ஊசிக்கு மதியம் வரைக்கும் யாரும் வரல. ஒன்றரை மணிக்கு ஒரு அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க, நகத்துல எல்லாம் காபிக் கறை, இடுப்புல புள்ளை. "லேட்டாயிடுச்சுங்க, போடுவீங்களா"ன்னு கேட்டாங்க.

நர்ஸம்மா ஒண்ணுமே சொல்லாம மருந்து வெச்சிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தாங்க. பாட்டில் மேல வட்டத்துக்குள்ள சின்ன சதுரம் ஒண்ணு இருக்கும், சூடு பட்டா கருக்கும், அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க, நல்ல வெள்ளையா இருந்துச்சு. மருந்தைக் கலக்கி, பாட்டில் மேல பேனாவால நேரம் எழுதினாங்க, 1.40. புள்ளையோட வலது கைல போட்டாங்க, வீல்னு ஒரு அழுகை, அவ்ளோதான்.

"அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்கம்மா. அடுத்தது பதினாறு மாசம் முடிஞ்சதும், கார்டுல எழுதியிருக்கேன்."

அந்த அம்மா கார்டை வாங்கி, கைல கறையா இருக்குன்னு முந்தானைல தொடச்சுட்டுத்தான் மடிச்சாங்க.