மைதானத்தில் விழுந்தவரும் சாலையில் விழுந்தவரும்

2022 மார்ச் 21, ஸ்பெயினில் பல நாள் நடக்கும் கடலோனியா சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள். இத்தாலிக்காரர் சோனி கொல்பிரெல்லி அன்றைய கட்டத்தில் இரண்டாவதாக முடித்தார், முடிவுக் கோட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு விழுந்தார். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி அங்கேயே இருந்தது, ஷாக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் பிரான்சில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தை, சேற்றிலும் மழையிலும், ஜெயித்திருந்தார் மனிதர்.

அதே பாரிஸ்-ரூபேயில், 2018 ஏப்ரல் 8 அன்று, பெல்ஜியத்தின் மைக்கேல் கூலார்ட்ஸ் கல் பாவிய பாதையின் ஓரத்தில் கிடந்தார். வயது 23. முதலில் எல்லோரும் கீழே விழுந்து அடிபட்டுவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது, விழுந்ததால் இதயம் நிற்கவில்லை, இதயம் நின்றதால்தான் விழுந்திருக்கிறார். மருத்துவர்கள் வந்து போராடினார்கள், ஹெலிகாப்டரில் லில் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அன்றிரவே இறந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் உள்ளே இருந்த கோளாறு ஒன்றா என்று கேட்டால், அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் விழுந்த இடத்தில் ஆட்களும் கருவியும் தயாராக இருந்தன, இன்னொருவர் 257 கிலோமீட்டர் நீளப் பந்தயத்தின் நடுவில், வயல்வெளிக்கு இடையில் விழுந்தார். இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பேசுவதெல்லாம் வேறு. இப்படி ஒரு செய்தி வந்த உடனே "பாத்தீங்களா, இவ்வளவு எக்சர்சைஸ் செஞ்சும் போயிட்டான்" என்று ஒரு கூட்டம் கிளம்பும் (பெரும்பாலும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள்). அதற்குச் சுருக்கமான பதில்: இப்படித் திடீரென்று இதயத்தை நிறுத்தும் நோயை உடற்பயிற்சி உண்டாக்குவது மிக அரிது, ஏற்கெனவே மறைந்திருப்பதை அது வெளியே இழுத்துவிடுகிறது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ரத்தக்குழாய் அடைப்புதான். அதற்குக் கீழே கதையே வேறு. இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகும் பரம்பரை நோய் இருக்கலாம். 2003 ஜூனில் லியோன் மைதானத்தில் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோயே 28 வயதில் சரிந்து இறந்ததற்கு அதுதான் காரணம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருக்கலாம். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மின் அமைப்பில் மரபணுக் கோளாறு இருக்கலாம். இந்தக் கடைசி வகையில் பிரேதப் பரிசோதனை செய்தாலும் இதயம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒன்றும் சிக்காது. பிறகு கூடப் பிறந்தவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கும்போதுதான் குடும்பத்திலேயே இது ஓடுவது தெரியவரும்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதயத்தின் வலது கீழறை சுவர் மெல்லியது, நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புவதுதான் அதன் வேலை. ஐந்து ஆறு மணி நேரம் கடுமையாக ஓட்டும்போது இடது பக்கத்தைவிட அதற்குத்தான் சுமை விகிதம் அதிகமாக ஏறுகிறது. வலது அறைத் தசை கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, அது இருப்பவர்கள் நீண்ட தூரப் பயிற்சி செய்யச் செய்ய நோய் வேகமாக முற்றுகிறது. இந்த நோய்க்கு "உடற்பயிற்சி நல்லது" என்ற பொதுவான அறிவுரை தலைகீழ். அப்புறம் காய்ச்சல். வைரஸ் காய்ச்சலோடு இதயத் தசையிலும் அழற்சி வந்திருந்தால் அந்த நிலையில் பயிற்சிக்குப் போவது நிஜமாகவே ஆபத்து. உறுதியாகிவிட்டால் மூன்றிலிருந்து ஆறு மாதம் போட்டியே கூடாது என்பார்கள் மருத்துவர்கள்.

சரி, முன்கூட்டியே சோதித்துவிட்டால் என்ன? இத்தாலி 1982லிருந்து அதைத்தான் செய்கிறது. போட்டிகளில் கலந்துகொள்கிறவர்கள் ஈசிஜி எடுத்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வெனெட்டோ பகுதியில் 1979 முதல் 2004 வரை பார்த்ததில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 3.6லிருந்து 0.4 ஆகக் குறைந்திருந்தது. பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் இஸ்ரேலும் 1997ல் இதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது, அங்கே முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது வித்தியாசம் பெரிதாக இல்லை. அமெரிக்க மருத்துவர்கள் எல்லோருக்கும் ஈசிஜி வேண்டாம் என்கிறார்கள், காரணமில்லாமல் பல பேரைப் பயமுறுத்தி விளையாட்டை விட்டு நிறுத்திவிடும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. நன்றாகப் பயிற்சி செய்தவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 40 முறை துடிக்கும், சுவர் கொஞ்சம் தடித்திருக்கும், ஈசிஜியில் நோயாளி மாதிரியே தெரியும். சந்தேகம் தீர, சில சமயம் மூன்று மாதம் பயிற்சியையே நிறுத்தச் சொல்லி, தடிப்பு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அதே இத்தாலியில்தான் கால்பந்து வீரர்கள் மொரோசினி 2012லும் அஸ்தோரி 2018லும் இறந்தார்கள். என்னைக் கேட்டால் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஆனால் "எனக்கு எல்லாம் நார்மல்" என்று வாழ்நாள் சான்றிதழாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

வதந்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1990ல் டச்சு சைக்கிள் வீரர் யோஹான்னஸ் டிராயர் தூக்கத்திலேயே இறந்தபோது ஈபிஓ ஊக்கமருந்து என்று பேச்சு வந்தது. ரத்தத்தைக் கெட்டியாக்கும் மருந்து அது, சந்தேகப்படக் காரணம் இருந்தது, ஆனால் கடைசிவரை நிரூபணமாகவில்லை. இப்போது கோவிட் தடுப்பூசி. 2021 ஜூனில் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்த அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். அவர் தடுப்பூசியே போட்டிருக்கவில்லை என்று அவர் ஆடிய இத்தாலியின் இன்டர் கிளப்பின் நிர்வாகி சொன்ன பிறகும் நிற்கவில்லை. சில தடுப்பூசிகளுக்குப் பிறகு இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது உண்மைதான், கோவிட்டிலும் வந்தது. ஆனால் ஃபோயே இறந்தது 2003, கூலார்ட்ஸ் 2018. அப்போது எந்தக் கோவிட் ஊசி இருந்தது?

எரிக்சன் விழுந்த விதத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். யாரும் தொடவில்லை, பந்து அவரிடம் வந்துகொண்டிருந்தது, அப்படியே முன்பக்கம் சாய்ந்தார். உடனே மார்பு அழுத்தம், ஷாக், பிழைத்தார். அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கால்பந்தில் விழுந்தவர் எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறார். சைக்கிள் பந்தயத்தில் கூட்டம் நூறு பேரோடு பறந்துபோய்விடும், பின்னால் ஒருவர் கிடந்தால் வழுக்கி விழுந்தவர் என்றே கண் பழகியிருக்கிறது. போதாததற்கு, இதயம் நின்றவர் முதல் நிமிடங்களில் வலிப்பு மாதிரி உதறலாம், வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறலாம். "மூச்சு விடுறாரே" என்று பார்ப்பவர்கள் காத்திருந்துவிடுகிறார்கள். அது மூச்சு இல்லை. கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மார்பை அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, கருவி வரும்வரை.

தனியாக நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கருவி எங்கே இருக்கப்போகிறது என்பது வேறு விஷயம். அதனால் முன்னறிகுறிகளை விடாதீர்கள். ஓட்டி முடித்து இறங்கியதும் தலைசுற்றுவது பெரும்பாலும் சாதாரணம். முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்தால் அது சாதாரணமில்லை. வீட்டில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதயத் துடிப்பு மானி திடீரென 220 காட்டினால் பல நேரம் அது மார்பில் கட்டும் பட்டையின் கோளாறுதான், ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சும் படபடத்ததா என்று யோசியுங்கள்.

கொல்பிரெல்லி உடம்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்திக்கொண்டார். இத்தாலிய விதிகள் அதோடு போட்டியிட அனுமதிப்பதில்லை. 2022 நவம்பரில், 32 வயதில் விலகிவிட்டார். எரிக்சனும் அதே காரணத்தால் இன்டரை விட்டுப் போக வேண்டியிருந்தது, ஆனால் இங்கிலாந்தில் ஆட விட்டார்கள், ஆடினார். கால்பந்தில் அந்தக் கருவி ஷாக் கொடுத்தால் புல்தரையில் விழுவார். மலை இறக்கத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் இன்னும் பத்து பேர் உரசிக்கொண்டு வரும்போது கொடுத்தால்? சைக்கிளைப் பொறுத்தவரை இத்தாலிக்காரர்கள் பக்கம்தான் நான்.