ஊதாதீங்க, இழுங்க: அம்மா இன்ஹேலர் பழகிய கதை

சாயல்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அடுப்பு எப்படிப் புகையும் என்று. அம்மா பல வருடம் அந்தப் புகையில் உட்கார்ந்தவர். பீடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுத் திணறவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை எல்லாம் ராமநாதபுரத்தில் சிக்கலில்லாமல் முடிந்தன.

வினை இருந்தது மருந்து கொடுக்கும் ஜன்னலில். உள்ளே இருந்தவர் கேப்சூல் டப்பாவை நீட்டி, "காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு" என்றார். அதைப் போட்டு இழுக்கிற கருவி எங்கே என்று கேட்டால், "ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்கங்க. அடுத்த ஆள்!" மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கி நான் கருவியோடு வருவதற்குள், அம்மா ஒன்றைத் தண்ணீர் விட்டு முழுங்கியிருந்தார். கேப்சூல் என்று கையில் கொடுத்தால் வேறென்ன செய்வார்? மருந்து வயிற்றுக்குப் போனதே தவிர, நுரையீரலுக்கு எட்டவில்லை.

அடுத்த செக்கப்பிலும் இளைப்பு அப்படியே. மருந்தை மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் ஒரு நர்ஸ் அக்கா, "முதல்ல செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அம்மா கருவியை வாயில் வைத்து ஊதினார். "ஐயோ, இது என்ன பீப்பியா? ஊதாதீங்க, இழுங்க!"

கருவியை விலக்கிப் பிடித்து மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும்; கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் உதட்டை இறுக்கி, வேகமாக, ஆழமாக ஓர் இழு. முடிந்தால் 10 விநாடி மூச்சைப் பிடிக்கணும். கேப்சூலில் பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு இழு. கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்பணும். ஸ்டீராய்டு கலந்தது என்பதால், விட்டால் வாயில் வெள்ளை படியும்.

அவசரத்துக்குக் கொடுத்த நீல பம்ப்புக்கு இழுக்கிற விதமே தலைகீழ்: குலுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து மெதுவாக இழுக்கணும். இதை அதுவரை யாரும் பிரித்துச் சொல்லவே இல்லை. கை நடுங்குகிறவர்கள் ஸ்பேசர் (பம்ப்பில் மாட்டி இழுக்கிற குழாய்) கேட்டு வாங்குங்கள். சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்களைப் போலக் கடலோரத்தில் இருந்தால் கேப்சூலை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள், ஈரக்கையால் தொடாதீர்கள்.

ஓபி சீட்டின் பின்பக்கம் அந்த அக்கா எழுதித் தந்தது இப்போது காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது: சளி கூடினாலோ பச்சையாக மாறினாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ உடனே வரணும். பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பூத்தால் 108.

ஜன்னலில் முறைத்தாலும் சரி, செய்து காட்டச் சொல்லிவிட்டு நகருங்கள்.

அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறார். மிச்சமிருப்பது அடுப்புதான். காய்ச்ச ஆள் வைக்கலாம் என்கிறேன். கருப்பட்டிப் பதம் தனக்குத்தான் தெரியும் என்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.