மொட்டை மாடி விமான ரிசீவரை முறையாக அணைத்தல்: ஓர் அனுபவம்

சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே, பம்மல் பக்கம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனாவும், மாடிப்படி அறையில் ஒரு ராஸ்பெர்ரி பை 3 கணினியும், அதில் செருகிய, ரேடியோ அலைகளை வாங்கும் யுஎஸ்பி டாங்கிளும் சேர்ந்து, விமானங்கள் தம் இருப்பிடம் முதலியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி செய்திகளை இரவும் பகலும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய ரிசீவரை நிறுவுவதற்கு வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நிறுத்துவது பற்றி அவற்றில் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊரில் அந்த ஒரு வரி போதாது.

பை 3 பலகையில் அணைப்பதற்கென்று சுவிட்ச் கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நொடியில் மெமரி கார்டில் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் விபரீதம். அந்தச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் டம்ப்1090 மென்பொருள் விமானங்களின் பட்டியலை ஒவ்வொரு விநாடியும் புதுப்பித்தாலும், அதை வைப்பது கார்டில் அல்ல, மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகமான ரேமில். இதை வைத்து, கார்டில் எழுத்து வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது; இயங்குதளத்தின் பதிவேடுகளும், எத்தனை விமானங்கள் எவ்வளவு தொலைவிலிருந்து பதிவாயின என்ற வரைபடங்களுக்கான தரவுத்தளமும் தொடர்ந்து கார்டுக்குத்தான் போகின்றன. கார்டில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு) தன் கணக்கை ஓரளவு சரிசெய்துகொள்ளும் என்றாலும், எந்தத் தரவு எந்தத் தொகுதியில் கிடக்கிறது என்று கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வைத்திருக்கும் அட்டவணை பாதியில் அறுபட்டால், அதைத் திருத்த வெளியிலிருந்து யாராலும் முடியாது. ஒரு கோடை மின்வெட்டுக்குப் பிறகு எங்கள் கருவி சிவப்பு விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு எழ மறுத்தது இப்படித்தான். இத்தனைக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் மாடிப்படி அறைக்கு அதன் லைன் வரவில்லை.

கட்டளை எளியது. வலையமைப்பு வழியாக உள்ளே நுழைந்து 'சூடோ பவர்ஆஃப்' என்று கொடுத்தால், இயங்குதளம் ஒவ்வொரு சேவையையும் முறையாக நிறுத்தி, நிலுவையில் உள்ளதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு நிற்கும். எப்போது நின்றது என்று அறிவதில்தான் சிக்கல். ஏதேனும் ஒரு சேவை பிடிவாதம் பிடித்தால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி வரை காத்திருந்த பிறகே அதை வலுக்கட்டாயமாக நிறுத்தும்; அதற்குள் நம் இணைப்பு அறுந்திருக்கும், கைபேசித் திரையைப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டதாகவே தோன்றும். பச்சை விளக்கையும் சட்டென்று நம்ப முடியாது, ஏனெனில் அது கார்டின் வேலையைத்தான் காட்டுகிறது, வேலை இல்லாத கணங்களில் சும்மாவே அணைந்திருக்கும். முழுமையாக நின்றதற்கு அடையாளம், அது சீரான தாளத்தில் பத்து முறை சிமிட்டிவிட்டு, பிறகு அணைந்தபடியே இருப்பது. சிவப்பு விளக்கோ, அடாப்டரிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும்வரை எரிந்துகொண்டேதான் இருக்கும்.

நான் அலுவலகத்தில் இருந்த ஒரு மழை நாளில் அம்மா தொலைபேசியில், "சிவப்பு லைட்டு இன்னும் எரியுதேடா, பிடுங்கலாமா?" என்று கேட்டபோதுதான், கட்டளை தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு செல்லாது என்று புரிந்தது. ஆகவே ஒரு பொத்தான் வைத்தேன். பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் என்ற ஓவர்லேயை (கூடுதல் வன்பொருள் அமைப்பை) சேர்க்கும் ஒரே ஒரு வரி போதும்; அதன்பிறகு, பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக ஊசிகளில் 5ஆம் பின்னையும் 6ஆம் பின்னையும் ஒரு கணம் தொடவைத்தால் கருவி தானே முறைப்படி நின்றுவிடும், நின்ற நிலையில் மறுபடி தொடவைத்தால் எழுந்துகொள்ளும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண காலிங் பெல் சுவிட்சே இதற்குப் பொருத்தம், ஏனெனில் அழுத்தும்போது மட்டும்தான் அது இணைப்பைத் தரும். அறைச் சுவரில் அதைப் பொருத்தி, "அழுத்தவும், பச்சை பத்து முறை சிமிட்டியதும் பிளக்கை எடுக்கவும், சிவப்பைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன்.

எல்லாக் கருவிக்கும் இதே பின் ஒத்துவராது. அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டுபவர்கள் காக்பிட்டில் வைத்துக்கொள்ளும் ஸ்ட்ராடக்ஸ் என்ற ரிசீவரும் இதே ராஸ்பெர்ரி பை இனம்தான். விமானத்தின் சாய்வை அறியும் உணரியை அதில் ஐ2சி என்ற இணைப்பு முறை வழியாக இணைப்பார்கள்; அதற்கும் 5ஆம் பின் தேவை என்பதால் பொத்தானுக்கு வேறொரு பின்னைக் கொடுக்க வேண்டும், அப்போது பொத்தானால் அணைக்க முடியுமே தவிர எழுப்ப முடியாது.

2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, மிக்ஜாம் புயல் நெருங்கியபோது இந்த ஏற்பாடு பயன்பட்டது. மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்ற நிலையில், பொத்தானை அழுத்தி, சிமிட்டல் முடிந்ததும் அடாப்டரைக் கழற்றினேன். ராஸ்பெர்ரி பையை நிறுத்திய பிறகும் அதன் யுஎஸ்பி துளைகளில் மின்சாரம் இருக்கும் என்பதால் டாங்கிள் சூடாகவே இருந்தது. அடாப்டர் போன பிறகுதான் ஆண்டெனா கேபிளின் திருகை அவிழ்த்தேன். கேபிளைக் கழற்றுவது இடி தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. மின்னல் ஆரம்பித்துவிட்டால் கருவி போனாலும் போகட்டும், அந்த கேபிளைத் தொடவே கூடாது. மறுநாள் 4ஆம் தேதி ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து விமான நிலையமே மூடப்பட்டது, 5ஆம் தேதி காலைதான் திறந்தது.

கார்டை முழுக்கப் படிக்க மட்டுமேயான நிலைக்கு மாற்றும் வழியும் உண்டு. ராஸ்பெர்ரி பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கினால் எழுத்து வேலைகள் எல்லாம் ரேமுக்குப் போய்விடும், திடீரென்று மின்சாரம் போனாலும் கார்டுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆள் இல்லாத கட்டடத்தின் மாடியில் வைப்பதானால் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் வரைபடங்களும் பதிவேடுகளும் போய்விடும். மென்பொருளைப் புதுப்பிக்க அதை நிறுத்தி, மறுதொடக்கம் செய்து, வேலை முடிந்ததும் மறுபடி இயக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் ரிசீவரின் எட்டும் தொலைவு மாறுவதைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் என்பதால், வீட்டில் பொத்தானோடும் சில நிமிடங்கள் தாங்கும் ஒரு 5 வோல்ட் சிறு யுபிஎஸ்ஸோடும் நிறுத்திக்கொண்டேன்.

மீண்டும் இயக்குவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆண்டெனா, பிறகு அடாப்டர். பை 3இல் நேரம் காக்கும் பேட்டரிக் கடிகாரம் இல்லாததால், இணையம் கிடைக்கும்வரை அது பழைய நேரத்திலேயே ஓடி, வரைபடத்தில் தவறான இடத்தில் புள்ளி வைக்கும். அதனால் ரௌட்டர் இணைப்பைப் பிடித்த பிறகே ரிசீவரின் சுவிட்சைப் போடும்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.