ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்கு பர்மிட் கிடைச்ச கதை

போன சனிக்கிழமை என்ர முதல் கச்சேரி முடிஞ்சுது. சொந்த டியூன் ஏழு போட்டிருந்தன், என்ர பேரிலயே ஒரு குவார்ட்டெட், நாலு பேர் வாசிக்கிற பான்ட். வாசிப்பைப் பற்றி பிறகு எழுதுறன், முதல்ல லவுட்ஸ்பீக்கர் பர்மிட்டுக்கு அலைஞ்சதைச் சொல்லோணும், கொழும்பில ஜாஸ் வைக்க வெளிக்கிடுற பொடியளுக்கு உதவும்.

ஹோல், ரிகர்சல், போஸ்டர் எல்லாம் சுகமா முடிஞ்சுது. பிழைச்சது ஒரு ரசீதில. அட்வான்ஸ் கட்டுற அண்டைக்கு எனக்கு வேலை, பியானோ வாசிக்கிற அண்ணாதான் போய்க் கட்டினவர், அதால ரசீதும் ஹோல்காரர் குடுத்த கடிதமும் அவற்ற பேரில. பர்மிட் குடுக்கிற பொலிசில அதைப் பார்த்திட்டு, இந்த ஆள் எங்க எண்டு கேட்டினம். அவர் அந்தக் கிழமை கண்டியில ஒரு ஹோட்டல்ல வாசிச்சுக்கொண்டிருந்தவர்.

நான்தான் பான்ட் லீடர் எண்டு தெரிஞ்ச சிங்களத்தில சொன்னன். என்ன வாசிக்கிறாய்? ட்ரம்ஸ். அப்ப லீடரைக் கூட்டிக்கொண்டு வா, "ஹெட்ட என்ன மல்லி", நாளைக்கு வா தம்பி எண்டு அனுப்பிவிட்டினம். சரியான கவலை எனக்கு, வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில வாயே திறக்கேல்லை. ஆர்ட் பிளேக்கி 1990-ல சாகுமட்டும் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் எண்ட பான்டை ட்ரம்ஸில இருந்துகொண்டுதான் நடத்தினவர், இன்னொரு ட்ரம்ஸ்காரர் டோனி வில்லியம்ஸ் 17 வயசில ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட வாசிக்கத் தொடங்கி 1969-ல லைஃப்டைம் எண்டு சொந்த பான்ட் போடேக்க அவருக்கு 23, எனக்கும் இப்ப அதே வயசு, இதையெல்லாம் அந்தக் கவுண்டரில ஆரிட்டச் சொல்லுறது?

ரசீதை மாத்தி எடுக்கவே நாலு நாள். ரெண்டாம் தரம் போக ஓஐசி, ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, கோர்ட்டுக்குப் போயிட்டார், அரை நாள் லீவு வீண். தயவுசெய்து கோல் எடுத்துக் கேட்டிட்டுப் போங்கோ.

மூண்டாம் தரம் போனா, விண்ணப்பப் படிவம் சிங்களத்தில மட்டும்தான் இருந்துது, தமிழில இல்லையாம். நல்லகாலம், ஒரு தமிழ் கான்ஸ்டபிள் அண்ணா பக்கத்தில இருந்து நிரப்பித் தந்தார். பாடுறது ஆர் தம்பி? பாட்டே இல்லையண்ணா. ட்ரம்ஸுக்கு எத்தனை மைக்? ஒண்டும் வேண்டாம், பாஸுக்கு ஒரு ஆம்ப், பியானோவுக்கு ஒரு மைக், அவ்வளவுதான். அவர் நம்பேல்லை. பேக்கில இருந்த, ட்ரம்ஸ் வாசிக்கிற பிரஷ் ரெண்டையும் எடுத்து பைல் மட்டையில தகிட தகதிமி எண்டு ஏழு எண்ணிக்கையில மெதுவா வாசிச்சுக் காட்டினன், கடைசி டியூன் அந்தக் கணக்குத்தான், சின்னனில படிச்ச மிருதங்கத்தில இருந்து வந்தது. கோயில்ல தவில் கேட்ட மாதிரிக் கிடக்கு எண்டார். பிறகு பொறுப்பாளர் எண்ட இடத்தில என்ர பேரை எழுதினார்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கோ. 2007-ல உச்ச நீதிமன்றம் கட்டளை போட்டதில இருந்து ராத்திரி 10 மணிக்குப் பிறகு லவுட்ஸ்பீக்கருக்குப் பொதுவா அனுமதி இல்லை. நாங்கள் ஒரு டியூனை வெட்டித்தான் 9.50-க்கு முடிச்சனாங்கள். அட்வான்ஸ் ரசீது, ஹோல் கடிதம், அடையாள அட்டைக் கொப்பி மூண்டிலயும் ஒரே பேர் இருக்கோணும், அது லீடரின்ர பேரா இருக்கட்டும்.

அந்த பர்மிட் இப்ப ஸ்னேர் ட்ரம் பெட்டிக்குள்ள, பிரஷ்ஷோட சேர்த்து வச்சிருக்கிறன்.