தொழிலை விட்டவன்

மார்ச் 4
அம்மாவை அட்மிட் பண்ணியாச்சு. ஸ்கேனுக்கு முன்னால் நகையைக் கழற்றச் சொன்னார்கள். நாலு வளையலையும் அண்ணன் கையில்தான் கொடுத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 5
தூக்கம் இல்லை. போனில் ‘தி லோன் உல்ஃப் ஸ்பை ஹன்ட்’, 1939. வாரன் வில்லியம்தான் மைக்கேல் லான்யார்ட். பேர்போன நகைத் திருடன், தொழிலை விட்டவன். விட்டாலும் விடுகிறார்களா? வாஷிங்டனில் உளவாளிக் கும்பல் ஆளையே தூக்கிக்கொண்டு போகிறது. விமான எதிர்ப்புப் பீரங்கியின் வரைபடம் வேண்டுமாம். கும்பலில் ரீட்டா ஹேவொர்த். இன்னும் பெரிய நட்சத்திரம் ஆகாத காலம். ஆனாலும் அவள் வந்து நின்றால் கண் வேறெங்கும் போகவில்லை.

மார்ச் 6
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 7
அதே லான்யார்ட் வரிசையில் அடுத்த படம், 1940. முத்துமாலையை எடுத்துக்கொண்டு அச்சு அசலாகப் போலியை வைத்துவிடுகிறார்கள்.
வளையல் எங்கே என்று அண்ணனைக் கேட்டேன். “பீரோவுல.” எந்த வீட்டு பீரோ?
கவரிங் இப்போதெல்லாம் தங்கம் மாதிரியே வருகிறது என்று சித்தி எதற்கு இன்றைக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்?

மார்ச் 9
இன்ஸ்பெக்டர் கிரேனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தர்ஸ்டன் ஹால் நடித்தது. ஊரில் எது காணாமல் போனாலும் நேரே லான்யார்டிடம் வந்து நிற்பார். கூடவே டிக்கென்ஸ் என்று ஒரு மண்டு. இரண்டு பேரையும் சிரிப்புப் போலீஸாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. லான்யார்ட் எடுக்கவில்லை என்று படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கிரேனுக்கு யார் சொல்வது? அவர் கையில் இருப்பது பழைய ஃபைல் மட்டும்தானே. போதாததற்கு எரிக் ப்ளோர் நடிக்கும் அந்த பட்லர் ஜேமிசன். நகையைக் கண்டால் இன்னும் கை நமநமக்கும். அப்படி ஒருத்தனைக் கூடவே வைத்துக்கொண்டு திருந்திவிட்டேன் என்றால்?
அண்ணன் இட்லி வாங்கி வந்தான். ராத்திரிக்கும் அவனே இருக்கிறானாம். இத்தனை வருஷமாக ஒன்றும் இல்லைதான்.

மார்ச் 10
எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள். அம்மா சத்தமே போடவில்லை. வெளியே வந்ததும், “வளையல் பத்திரமா இருக்கா?” என்றாள். அண்ணன் அங்கேதான் நின்றான். கேட்டது என்னை.

மார்ச் 11
வாரன் வில்லியம் லான்யார்டாக நடித்தது ஒன்பது படம், 1943 வரை. அதற்கு முன் வக்கீல் பெரி மேசனும் அவர்தான், துப்பறியும் ஃபைலோ வான்ஸும் அவர்தான். 1948இல் இறந்திருக்கிறார். வயது 53. மல்டிபிள் மைலோமா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்.
டாக்டர் சீட்டில் கேள்விக்குறி போட்டு எழுதியிருந்த அதே பெயர்.

மார்ச் 12
படம் பார்க்கவில்லை.

மார்ச் 13
பணம் கட்டக் கவுன்டருக்குப் போனேன். காலையிலேயே கட்டியாச்சாம். ரசீதில் அண்ணன் பெயர். முழுத் தொகை. போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு ஏது இவ்வளவு பணம்? சித்தியை அம்மா கூட உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.